பச்சை கேப்சூலும் வால்வு மாத்திரையும்: வைட்டமின் ஈ குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: என் வயது 56. ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்று சொன்னபோது, உடன் பணியாற்றிய தோழி ஒருவர் வைட்டமின் ஈ 400 கேப்சூலைச் சாப்பிடச் சொன்னார். மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் ஒன்று சாப்பிட்டு வருகிறேன். இதயத்துக்கும் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, 63 வயதான என் கணவரும் மூன்று மாதமாக என் அட்டையிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறார். அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். வார்ஃபரின் மாத்திரை தொடர்கிறது. சில நாட்களாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது என்கிறார். பிரஷ் கரடாக இருப்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. தோசைக்கல்லில் சுட்ட தழும்பின் மேல் அவள் இந்த கேப்சூலை ஊசியால் குத்தித் தடவுகிறாள். கரு நன்றாகத் தங்குவதற்கு இதை உள்ளுக்கும் சாப்பிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். போன மாதம் ஸ்கேனில் எனக்கு கிரேடு 1 கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. அதற்கும் வைட்டமின் ஈ நல்லது என்கிறார்களே? நாங்கள் மூவரும் தொடரலாமா? – தஞ்சை மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிச் சென்ற செய்திக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வார்ஃபரின் சாப்பிடும் ஒருவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தால், பிரஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். தங்கள் கணவர் வைட்டமின் ஈ கேப்சூலை இன்றோடு நிறுத்தட்டும். வார்ஃபரினை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. அதை நிறுத்தினால் செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நாளைக் காலையிலேயே, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பி.டி. – ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அந்தத் தாளையும் கேப்சூல் அட்டையையும் எடுத்துக்கொண்டு அவருடைய இதய மருத்துவரைப் பாருங்கள். இடையில் கறுப்பாக மலம் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலம் பாரித்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் சிலவற்றைக் கல்லீரல் தயாரிப்பதற்கு வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமின் கே வேலை செய்யாதபடி தடுக்கிறது. அதனால்தான் வால்வில் ரத்தம் கட்டுவதில்லை. வைட்டமின் ஈயும் மிகுந்த அளவில் உடலுக்குள் போகும்போது இதே வைட்டமின் கேயின் வேலையில் குறுக்கிடுகிறது. ஒரே கயிற்றை இரண்டு பேர் ஒரே பக்கம் இழுப்பது போன்ற நிலைமை அது. வார்ஃபரினோடு நாள்தோறும் 1200 ஐ.யூ. (சர்வதேச அலகு; தங்கள் அட்டையில் உள்ளது போன்ற செயற்கை வகையில் ஒரு மில்லிகிராம் ஒரு ஐ.யூ.) வரை வைட்டமின் ஈ சாப்பிட்ட 55 வயது ஆண் ஒருவருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டதை 1974இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. வார்ஃபரின் சாப்பிடும் சிலரை மட்டும் வைத்து நடத்திய ஒரு சிறு சோதனையில் ஐ.என்.ஆர். மாறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாருக்கும் இது நேரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆயினும் வார்ஃபரின் சாப்பிடாதவர்களிடம்கூட இந்த வைட்டமின் ரத்தத்தின் மீது ஓரளவு கைவைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வு, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் மூளையில் ரத்தக்குழாய் அடைபடும் பக்கவாதம் 10 சதவீதம் குறைந்ததையும், ரத்தக்குழாய் வெடிக்கும் பக்கவாதம் 22 சதவீதம் கூடியதையும் காட்டியது. ரத்தத்தை இளக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கில் லாபப் பக்கம் எதுவும் மிஞ்சுவதில்லை.

கேப்சூலை நிறுத்திய பிறகு ஐ.என்.ஆர். மறுபடி மாறக்கூடும் என்பதால், முதல் பரிசோதனையோடு விட்டுவிடாமல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரண்டாவது முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இது மிகவும் அவசியம்.

இனி அந்தப் பச்சை கேப்சூலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினால் 'டோக்கோஃபெரைல் அசிடேட் 400 மி.கி.' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வைட்டமின் ஈ என்பது ஒரே பொருள் அன்று. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு டோக்கோஃபெரால்களும் அதே பெயர் வரிசையில் நான்கு டோக்கோட்ரையீனால்களும் சேர்ந்த எட்டுப் பேர் கொண்ட குடும்பம். எட்டையும் குடல் உறிஞ்சிக்கொண்டாலும், கல்லீரலில் உள்ள ஒரு புரதம் ஆல்ஃபா டோக்கோஃபெராலை மட்டும் பொறுக்கி எடுத்து ரத்தத்தில் அனுப்பிவைக்கிறது. அதனால் நம் உடலின் தேவையைக் கணக்கிடும்போது ஆல்ஃபாவை மட்டுமே கணக்கில் கொள்கிறோம். ஆலையில் செயற்கையாகத் தயாரித்த ஆல்ஃபாவில் பாதிதான் உடலுக்குப் பயன்படும் வடிவில் இருக்கும். ஆகவே தங்கள் 400 மில்லிகிராம் கேப்சூல், அது செயற்கை வகையாக இருந்தால், உண்மையில் சுமார் 180 மில்லிகிராம் ஆல்ஃபா டோக்கோஃபெராலுக்குச் சமம். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாள் தேவை என்று அமெரிக்காவில் வகுத்திருப்பது 15 மில்லிகிராம். அதாவது தாங்கள் நாள்தோறும் பன்னிரண்டு நாள் அளவை ஒரே மடக்கில் விழுங்கி வந்திருக்கிறீர்கள். இதே அளவை வேர்க்கடலையில் பெற வேண்டுமானால் ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும். உணவில் எந்த மனிதனும் எந்தக் காலத்திலும் எட்டியிராத ஓர் அளவை 'சத்து மாத்திரை' என்று அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த அளவில் அது மருந்து. மருந்து என்றால் எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். தங்களிடம் அந்த விடை இல்லை; தோழி சொன்னார் என்பது மட்டுமே இருக்கிறது.

இந்தச் சத்து உடலில் செய்யும் வேலையைச் சமையலறையிலேயே பார்க்கலாம். திறந்து வைத்த எண்ணெயும் பழைய வேர்க்கடலையும் நாளாக ஆகக் காறிப்போகின்றன அல்லவா? காற்றில் உள்ள ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்குவதால் வருவதே அந்தக் காறல் வாடை. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் உள்ளதைக் கெடுக்கும். அது அடுத்ததைக் கெடுக்கும். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறை கொழுப்பால் ஆனது. அங்கும் இதே சங்கிலி தொடங்கக்கூடும். அந்த உறைக்குள்ளேயே பதிந்திருக்கும் வைட்டமின் ஈ, தாக்குதலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சங்கிலியை அந்த இடத்திலேயே அறுத்துவிடுகிறது. அப்படிச் செலவாகிப்போன வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. எண்ணெய் வித்துகளில் இந்தச் சத்து இயற்கையாகவே மிகுந்திருப்பதற்கும் இதுதான் காரணம்: விதை தன் எண்ணெய் காறாமல் காத்துக்கொள்வதற்காக வைத்திருப்பதை நாம் உணவாக எடுத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு முக்கியமான சத்து குறைந்தால் என்ன ஆகும் என்று தாங்கள் கேட்கலாம். நரம்புகளும் கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்படும், நடை தள்ளாடும், கால்களில் உணர்ச்சி மங்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். ஆனால் சாதாரணமாகச் சாப்பிட்டு நடமாடும் ஒருவருக்கு இந்தக் குறைபாடு வருவது மிக அரிது. கொழுப்பைச் செரிக்க முடியாத நோய்கள், பித்தநீர் வெளியேறாத கல்லீரல் நோய்கள், நான் மேலே சொன்ன கல்லீரல் புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும் ஒரு பரம்பரை நோய் ஆகியவற்றில்தான் இதைப் பார்க்கிறோம். அந்த நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ உண்மையிலேயே உயிர்காக்கும் மருந்து. தள்ளாடும் நடை மேலும் மோசமாகாமல் நிறுத்துவது அதுதான். தங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

பிறகு ஏன் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு வந்தது? அது வெறும் கட்டுக்கதையும் அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1993இல் அமெரிக்காவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும், ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண் மருத்துவத் துறையினரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. வைட்டமின் ஈ மிகுதியாக எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்று அவை கூறின. அன்று என்னைப் போன்ற பலர் அதை நம்பினோம். எங்கள் வகுப்புகளிலும் அப்படியே சொன்னார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் யார் மாத்திரை சாப்பிடுவது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை. சாப்பிட விரும்பியவர்கள் சாப்பிட்டார்கள். தாமாகவே வைட்டமின் வாங்கிச் சாப்பிடுபவர், பெரும்பாலும் புகைக்காதவர், நடைப்பயிற்சி செய்பவர், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர். அவருடைய இதயத்தைக் காத்தது மாத்திரையா அந்தப் பழக்கங்களா என்பதை இந்த முறையில் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய ஒரே வழி, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்தையும் மறுபாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்ப்பது. அதையும் செய்தார்கள். இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 19 நாடுகளில் 55 வயதைக் கடந்த, இதய நோய் ஆபத்து மிகுந்த 9,541 பேருக்கு நான்கரை ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2000இல் வெளியானது. நாள்தோறும் 400 ஐ.யூ. சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ மரணத்திலோ வேறுபாடு இல்லை. அவர்களில் பெரும்பகுதியினரை மேலும் சில ஆண்டுகள் கவனித்தபோது, 2005இல் வெளியான முடிவு கவலை தருவதாகவே இருந்தது: வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் இதயம் செயலிழக்கும் நோய் சற்று மிகுந்திருந்தது. அதே 2005இல் 45 வயதைக் கடந்த 39,876 ஆரோக்கியமான பெண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்த அமெரிக்கச் சோதனையும் முடிந்தது. அதில் இதய நோயால் நேர்ந்த மரணம் மட்டும் ஓரளவு குறைந்திருந்தாலும், மாரடைப்போ பக்கவாதமோ புற்றுநோயோ மொத்த மரணமோ குறையவில்லை. தங்கள் வயதுப் பெண்களுக்கு இதைவிட நேரடியான விடை வேறில்லை.

தங்கள் கணவரின் வயதுக்கு இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களுக்கு நடந்த சோதனை 1994இல் முடிந்தபோது, வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கவில்லை; ஆனால் எதிர்பாராத விதமாக, அதைச் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையில் 2001இல் வட அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களோடு ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். கொடுத்த மருந்து, தங்கள் அட்டையில் உள்ளதைப் போன்ற செயற்கை டோக்கோஃபெரைல் அசிடேட். அளவும் அதே 400 ஐ.யூ. பயன் இல்லை என்று 2008இல் சோதனையை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 2011இல் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட குழுவில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் மிகுந்திருந்தது தெரியவந்தது. எண்ணிக்கையில் சொன்னால் ஆயிரம் ஆண்களுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேர் கூடுதல். பதறத் தேவையில்லாத அளவுதான். ஆனால் தடுக்கும் என்று கொடுத்த மருந்து வரவழைத்தது என்றால், அதை எந்தக் காரணமும் இல்லாமல் வீட்டில் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மூன்று மாதம் சாப்பிட்டதால் தங்கள் கணவருக்கு இது நேர்ந்துவிடும் என்று பொருளில்லை. அதற்காகப் புதிதாக எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அடுத்து மகள். பக்கத்து வீட்டில் சொன்ன செய்தி வயதில் நூறைத் தாண்டிய செய்தி. 1922இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவைக் கொடுத்து வளர்த்தபோது, அவை நன்றாக வளர்ந்தன, கருவும் தரித்தன, ஆனால் கரு நிலைக்காமல் கரைந்துபோயிற்று. லெட்டூஸ் கீரையையும் பிறகு கோதுமை முளைக்கருவையும் சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. 1936இல் எவன்ஸ் குழுவினர் கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தபோது, கிரேக்க மொழியில் பிள்ளைப்பேற்றைத் தருவது என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்து டோக்கோஃபெரால் என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே பிள்ளைப்பேறு ஒட்டிக்கொண்டுவிட்டதால் வந்த வினை இது. எலியின் உணவிலிருந்து அந்தச் சத்தை முற்றிலும் நீக்கியபோது நடந்தது, வேர்க்கடலைச் சட்டினியும் கீரையும் சாப்பிடும் தங்கள் மகளுக்கு நடக்காது. கர்ப்பிணிகளுக்கே நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்: பிரிட்டனில் ரத்த அழுத்த ஆபத்து மிகுந்த 2,410 கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் சியுடன் 400 ஐ.யூ. வைட்டமின் ஈயும் கொடுத்த சோதனை 2006இல் வெளியானது. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடியது. ஆகவே மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் போதும். அவர் தரும் கர்ப்பகாலச் சத்து மாத்திரையில் சிறிதளவு வைட்டமின் ஈ இருந்தால் அதில் தவறில்லை. 400 வேண்டாம்.

தழும்பின் மேல் தடவுவதைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் தோல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 15 பேரின் தழும்பில் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பையும் மறுபாதியில் அதே களிம்பை வைட்டமின் இல்லாமலும் தடவி ஒப்பிட்ட ஆய்வு 1999இல் வெளியானது. பத்தில் ஒன்பது பேருக்கு வைட்டமின் ஈயால் மாற்றமே இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமாயிற்று. மூவரில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், குத்திய கேப்சூலிலிருந்து பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் அந்த எண்ணெயைக் கன்னத்திலும் தழும்பிலும் பூசி, ஒரு வாரம் கழித்துச் சிவந்து தடித்த தோலோடு வந்த இளம்பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். புண் ஆறிவிட்ட தழும்பானால் வெயில் படாமல் காப்பதும், சாதாரண வாசலினோ சிலிக்கான் ஜெல்லோ தடவுவதும் நல்லது. கர்ப்பகாலம் என்பதால் வேறு எந்தத் தழும்புக் களிம்பையும் கேட்காமல் தடவ வேண்டாம்.

தங்கள் கால் பிடிப்புக்கு வருகிறேன். இரவு நேரக் கெண்டைக்கால் பிடிப்புக்கு வைட்டமின் ஈ கொடுத்துச் சோதித்ததில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டும் கால் இழுப்பது நின்றுவிட்டது என்று தாங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். ரத்த அழுத்தத்துக்குத் தாங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதில் சிறுநீரை மிகுதியாகப் போக்கும் மருந்து கலந்திருந்தால், உப்புகள் குறைந்து கால் இழுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு ஆகியவற்றை ஒரு முறை பாருங்கள். நாளங்கள் சுருண்டு புடைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, படுப்பதற்கு முன் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, குதிகால்கள் தரையில் பதிந்திருக்க, கைகளைச் சுவரில் ஊன்றி முன்னால் சாய்ந்து, கெண்டைக்கால் இழுபடுவதை உணர்ந்தபடி சில நொடிகள் நிற்பதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 55 வயதைக் கடந்தவர்களிடம் நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் நாள்தோறும் படுக்கும் முன் கால் தசைகளை இழுத்துப் பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் வலியும் குறைந்தன. செலவும் இல்லை.

கொழுப்புக் கல்லீரலைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத 247 பேருக்கு 96 வாரங்கள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நாள்தோறும் 800 ஐ.யூ. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 43 சதவீதத்தினருக்குக் கல்லீரல் திசு தேறியது. வெற்று மாத்திரையில் 19 சதவீதம். ஆனால் அவர்கள் அனைவரும் கல்லீரலில் ஊசி போட்டுத் திசுவை எடுத்துப் பார்த்து, வெறும் கொழுப்பு மட்டுமல்லாமல் அழற்சியும் இருக்கிறது என்று உறுதி செய்யப்பட்டவர்கள். கல்லீரல் தழும்பேறுவதை அந்த மருந்து குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவும் இல்லை. ஸ்கேனில் கிரேடு 1 என்று எழுதியிருப்பது அந்த நிலை அன்று. நாற்பதைக் கடந்த பலருக்கு இன்று ஸ்கேன் எடுத்தால் அப்படித்தான் வருகிறது. தங்களுக்கு உரிய மருந்து, உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைப்பதுதான்: 70 கிலோ என்றால் ஐந்து முதல் ஏழு கிலோ. கல்லீரல் நொதிகள் மிகுந்திருந்தால் மட்டும் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். அவர் தேவை என்று கருதி வைட்டமின் ஈ எழுதிக் கொடுத்தால், அப்போது அதைத் தயங்காமல் சாப்பிடலாம்; அளவும் காலமும் அவர் பொறுப்பு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்க்குக் கண் மருத்துவர்கள் கொடுக்கும் கூட்டு மாத்திரையிலும் வைட்டமின் ஈ சேர்ந்திருக்கும். அதுவும் இதைப் போலவே காரணத்தோடு கொடுப்பது.

மாத்திரையை விட்டால் சத்துக்கு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஐந்தரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஓரளவு நல்ல அளவு உண்டு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை இரண்டரை மில்லிகிராம் தரும். இருபத்து மூன்று பாதாம் பருப்பு ஏழு. கீரை சமைத்தால் அதோடும் கொஞ்சம் வந்து சேரும். நம் நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை என்பதால் ஆல்ஃபா கணக்கில் அது குறைவாகத் தெரியும்; தேங்காய் எண்ணெயில் அறவே இல்லை என்று சொல்லலாம். வீட்டில் தேங்காய் எண்ணெய் ஒன்றில் மட்டுமே சமைப்பவராக இருந்தால், தாளிப்புக்காவது வேறு எண்ணெயை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பலகாரம் பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாளும் பொரிக்க வைப்பது இந்தச் சத்தை அழித்துவிடும். இது கொழுப்பில் கரையும் சத்து. ஆகவே காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கியிருந்தால், அந்த கேப்சூலிலிருந்து தங்கள் உடல் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதே ஐயம்.

தாங்கள் இந்த கேப்சூலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நாளையிலிருந்து நிறுத்திவிடலாம், நிறுத்துவதால் எந்தத் தொல்லையும் வராது. பல் பிடுங்குவதோ வேறு அறுவை சிகிச்சையோ அண்மையில் திட்டமிட்டிருந்தால், இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டதை அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் வேறு சத்து மாத்திரைகள் இருந்தால் அவற்றின் அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். அண்மையில் ஒரு நோயாளி மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து என் மேசையில் கொட்டிய ஏழு அட்டைகளில் மூன்றில், வெவ்வேறு பெயர்களில், இதே டோக்கோஃபெரைல் அசிடேட் இருந்தது. தங்கள் கணவரின் பையில் மட்டும் வார்ஃபரின் அட்டையோடு ஐ.என்.ஆர். பதியும் நோட்டும் இருக்க வேண்டும். நாளைய எண்ணை அதில் தேதியோடு எழுதி, பக்கத்தில் 'வைட்டமின் ஈ நிறுத்தியது' என்றும் குறித்து வையுங்கள். அடுத்த முறை எண் மாறியிருந்தால், மருத்துவருக்கு அந்த ஒரு வரி மிகவும் பயன்படும்.